இருபத்தேழு பீரியட்

மெஹர் பானுவுக்குக் கணக்கு வராதுன்னு அனகாபுத்தூர்ல யாராவது சொன்னா அந்த வாயைத்தான் கழுவணும். ஒன்பது வருஷமா பம்மல்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல நாலாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸுக்குக் கணக்கு டீச்சர். வாய்ப்பாடே தெரியாம நாலாவதுக்கு வர்ற பிள்ளைங்க, அஞ்சாவது முடிக்கும்போது பின்னக் கணக்கை மனசுலயே போட்டு விடை சொல்லும். அப்படிப்பட்ட கெட்டிக்காரி. ஆனா கையில டிகிரி கிடையாது. நாலே நாலு கிரெடிட் குறைச்சல்.

அவ படிச்சது தாம்பரத்துக்குத் தெற்கே பஸ்ஸில அரை மணி நேரத்துல இருக்கிற ஒரு தனியார் யுனிவர்சிட்டியில, பி.எஸ்ஸி. மேத்ஸ். ஒவ்வொரு பேப்பருக்கும் இத்தனை கிரெடிட்னு உண்டு, எல்லாம் சேர்ந்து நூத்து நாப்பது வந்தாத்தான் பட்டம். அவகிட்ட நூத்து முப்பத்தாறு இருந்தது. கடைசி செமஸ்டர்ல நிக்காஹ் வெச்சுட்டாங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பரீட்சையன்னிக்குக் காலைல அவ கையில மருதாணி காயல. அப்புறம் எழுதிக்கலாம்னு ரெண்டு வீட்லயும் சொன்னாங்க. இந்த 'அப்புறம்' இருக்கே, அதை நம்பிக் கெட்டவங்க கொஞ்சமா நஞ்சமா? ஜைத் பொறந்தான், அப்புறம் கைனாத் பொறந்தா, பதினாறு வருஷம் எங்க போச்சுன்னே தெரியல.

மாப்பிள்ளை கலீல் தங்கமான மனுஷன். பம்மல் மெயின் ரோட்ல பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடை வெச்சிருந்தார். ஒரு வண்டியைப் பார்த்தாரானா அளவெடுக்காமலே ரெக்ஸினை வெட்டுவார், மில்லிமீட்டர் பிசகாது. பொண்டாட்டியோட படிப்பு நின்னுபோனது மட்டும் அவர் மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது. "உன் நாலு கிரெடிட்டை நான்தாண்டி தின்னுட்டேன்"னு சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும், "ஆமா, தின்னது எங்க போச்சு? ஒடம்புலயும் ஒட்டக் காணோம்"னு திருப்பிக் குடுப்பா.

இப்படியே காலம் ஓடியிருக்கும். போன வருஷம் ஸ்கூல் கைமாறிச்சு. புதுசா வந்த கரஸ்பாண்டன்ட் எல்லா டீச்சரோட சர்ட்டிஃபிகேட்டையும் கேட்டார். மெஹர்கிட்ட மார்க் ஷீட்தான் இருந்தது. "ஒன்பது வருஷ சர்வீஸ் எல்லாம் சரிம்மா. பி.எட். அப்புறம் தபால்ல பண்ணிக்கோங்க, முதல்ல ஒரு டிகிரியாவது கையில வேணுமில்ல? ஜூன் மாசத்துக்குள்ள கொண்டாங்க. இல்லேன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க"ன்னார். தப்பா நினைக்காம கையெடுத்தா கும்பிடுவாங்க?

ஆனா பாருங்க, அதே மாசம் யுனிவர்சிட்டியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய பேட்ச்ல கிரெடிட் பாக்கி இருக்கிறவங்களுக்குக் கடைசி வாய்ப்பு. பழைய பாடத்திட்டத்தை எடுத்துட்டதால சும்மா வந்து பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போக முடியாது. கோடை விடுமுறையில நடக்கிற சம்மர் டெர்ம்ல உக்காந்து, அதுக்குச் சமமான புதுப் பேப்பரைப் படிச்சு முடிக்கணும். பதினெட்டு நாள். ஜூன் நடுவுல ரிசல்ட்.

"போ மெஹர். யோசிக்காத. காலைல சமையலை நான் பாத்துக்கறேன்"னார் கலீல்.

"உங்க சமையலைத் தின்னுட்டு நாங்க உயிரோட இருக்கணுமே"ன்னா அவ. ஆனா மறுநாளே ரெஜிஸ்டர் பண்ணிட்டா. பிள்ளைங்க ரெண்டும் லீவுக்குக் கீழ்க்கட்டளைல இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிட்டாங்க. அத்தைன்னா கலீலோட தங்கச்சி அஃப்ஷான்.

அந்த சம்மர் டெர்மைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எல்லா வினையும் அதுலதான் இருக்கு. சாதாரணமா அஞ்சு மாசம் நடத்துற பாடத்தை பதினெட்டு நாள்ல ஊத்தி முடிப்பாங்க. தினமும் காலைல ஒன்பதரைக்கு ஒரு பீரியட், பதினொண்ணே காலுக்கு இன்னொண்ணு. ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம். ஆக முப்பத்தாறு பீரியட். அதுல முக்கால்வாசி, அதாவது இருபத்தேழுல உக்காந்திருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. மத்த செமஸ்டர்ல ஒடம்பு சரியில்லைன்னு டாக்டர் சீட்டு குடுத்தா கொஞ்சம் விட்டுக் குடுப்பாங்க. சம்மர்ல அந்தப் பேச்சே கிடையாது. "இங்க ஒரு நாள் போச்சுன்னா ஒரு வாரம் போன மாதிரி"ன்னு பாடம் எடுத்த லாசரஸ் சார் முதல்லயே சொல்லிட்டார். நல்ல மனுஷன்தான், சட்டம் பேசுற நல்ல மனுஷன். பீரியட் ஆரம்பிச்சதும் கதவைச் சாத்திடுவார். நடுவுல எழுந்து வெளியே போனா அந்தப் பீரியட் ஆப்சென்ட். போன் சத்தம் கேட்டாலும் வெளியேதான்.

மெஹருக்கு ஆரம்பமே சகுனப் பிழை. முதல் நாள் ஸ்கூல்ல மீட்டிங், லீவு தரமாட்டேன்னுட்டாங்க. ரெண்டு பீரியட் போச்சு. ரெண்டாம் நாள் பல்லாவரத்துல ரயிலு பத்து நிமிஷம் நின்னு போச்சு. ஓட்டமும் நடையுமா வந்து பாத்தா கதவு சாத்தியிருக்கு. மூணாவதும் போச்சு. அன்னிக்குக் காரிடார்ல நின்னுக்கிட்டு, அஞ்சாங்கிளாஸ்ல லேட்டா வர்ற பிள்ளைங்களை வாசல்ல நிக்க வெச்சதையெல்லாம் நினைச்சு வெக்கப்பட்டா.

"ஒம்போது பீரியட் விடலாம், அதுல மூணு அவுட்"னு வீட்ல வந்து சொன்னா. கலீல் சிரிக்கல. காலண்டர்ல சீட் கவருக்குக் கோடு போடற சாக்பீஸால மூணு கோடு இழுத்தார். "இனிமே கடைசி வரைக்கும் ஒண்ணுகூட விடாத. வீடு இடிஞ்சு விழுந்தாலும் நீ போ"ன்னார்.

அவளும் விடல. கிளாஸ்ல எல்லாம் இருபது வயசுப் பிள்ளைங்க, அரியர் வெச்சதுங்க. பக்கத்துல உக்கார்ற மிருதுளாங்கிற பொண்ணு ரெண்டாம் நாள் "ஆன்ட்டி"ன்னுச்சு, மூணாம் நாள் "அக்கா"ன்னுச்சு, ஆறாம் நாள் "அக்கா, இந்த ஸ்டாண்டர்டு டீவியேஷன் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது, சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டுச்சு. மெஹர் சொல்லிக் குடுத்தா. பதினாறு வருஷத்துக்கு அப்புறமும் தனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கேன்னு அவளுக்கே ஆச்சரியம். கேன்டீன்ல தனியா உக்காந்து டீ குடிக்கும்போது, நிஜமாவே, அவளுக்கு சந்தோஷமா இருந்தது. அதை யார்கிட்டயும் சொல்லிக்கல.

பதினோராவது நாள் ஒரு திங்கட்கிழமை.

காலைல எழுந்ததும் கலீல் நெஞ்சைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தார். "கரிக்குது. நேத்து தின்ன பரோட்டா வேலையைக் காட்டுது. கேஸ்தான்." நம்ம ஊர்ல எந்த ஆம்பளைக்கு நெஞ்சு வலிச்சாலும் முதல்ல அது கேஸ்தான். தோள் வலிச்சா கேஸ், முதுகு பிடிச்சா கேஸ். இந்தக் கேஸ் எத்தனை வீட்டைக் காலி பண்ணியிருக்குன்னு எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், ஆனா எவன் கேக்கறான்?

மெஹர் ஓமத்தைக் கொதிக்க வெச்சு வடிகட்டிக் குடுத்தா, கூடவே ஒரு கேஸ் மாத்திரை. கழுத்துல வேர்வை ஊத்திக்கிட்டிருந்தது. மே மாசம், யாருக்குத்தான் ஊத்தல? தொட்டுப் பாத்தா. ஜில்லுன்னு இருந்தது. அவளுக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

"நான் இன்னிக்கு இருக்கட்டுமா?"

"போடி. மூணு ஏற்கெனவே போச்சு. இன்னிக்கு இருந்தா அஞ்சு. நான் கடைக்குப் போகல, படுத்துக்கறேன். நீ வந்ததும் ரசம் வெச்சுக் குடு, எல்லாம் சரியாயிடும்."

"கீழ அங்காளம்மாள் அக்காகிட்ட சொல்லிட்டுப் போறேன், அப்பப்ப வந்து பாக்கட்டும்."

"கேஸுக்கெல்லாம் ஊரைக் கூட்டாத. மானம் போயிடும்."

அவ அக்காகிட்ட சொல்லல. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. அவங்க குடியிருந்தது மாடிப் போர்ஷன், வெளிப்பக்கமா இரும்புப் படி. படி இறங்கும்போது திரும்பிப் பாத்தா. அவர் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, போ போன்னு கையாட்டினார்.

முதல் பீரியட் முடிஞ்சது. நடுவுல இருந்த இடைவேளையில போன் பண்ணினா. எடுத்தார். "பரவால்ல, கொஞ்சம் தேவல"ன்னார். குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. தூங்கி எழுந்த குரல்னு நினைச்சா.

பதினொண்ணே காலுக்கு ரெண்டாவது பீரியட். லாசரஸ் சார் கதவைச் சாத்தி, போர்டுல கணக்கை எழுத ஆரம்பிச்சார். பதினொண்ணு இருபதுக்கு மடியில இருந்த பையில போன் அதிர்ந்தது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து பாத்தா, 'ஜைத் அத்தா'ன்னு வெளிச்சம். ஜைத்தோட அப்பான்னு கலீலுக்கு அவ போன்ல வெச்சிருந்த பேர் அது.

இப்பதான் பேசினோமே, ரசப்பொடி எங்கன்னு கேக்கறதுக்கா இருக்கும்னு நினைச்சா. எழுந்து போனா பீரியட் போச்சு. நாலாவது கோடு. அதுவும் கதவு சாத்தின அஞ்சாவது நிமிஷம். போன் விடாம அதிர்ந்துக்கிட்டே இருந்தது. மிருதுளா திரும்பிப் பாத்தா. சார் எழுதிக்கிட்டிருந்த கையை நிறுத்திட்டு, "யாரோட போன்?"னார்.

மெஹர் பைக்குள்ள கையை விட்டு, பட்டனை அழுத்திப் பிடிச்சு, போனை மொத்தமா அணைச்சுட்டா.

"ஒண்ணுமில்ல சார்"னா.

மறுபடியும் கணக்கு. அவ ஒழுங்கா நோட்டுல எழுதினா. அன்னிக்கு எழுதின பக்கங்கள்ல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

பன்னெண்டே முக்காலுக்கு வெளியே வந்து போனைப் போட்டா. ஒண்ணு மேல ஒண்ணா மெசேஜ் விழுந்தது. அங்காளம்மாள் அக்கா ஆறு தடவை கூப்பிட்டிருந்தாங்க. அஃப்ஷான் நாலு தடவை. அவர்கிட்டயிருந்து அந்த ஒண்ணே ஒண்ணுதான்.

அப்புறம் நடந்ததை அங்காளம்மாள் சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரம்மா அவங்க, கீழ் வீட்ல இருக்கிறவங்க. "துணி காயப்போட பன்னெண்டு மணிக்கு மாடிக்கு ஏறினேன். படியில பாதியில குந்திக்கினு கீறாரு. இன்னா பாய், வெயில்ல குந்திக்கினு கீறீங்கன்னேன். கம்பியைப் புட்ச்சினு இருக்காரே தவிர பேச்சில்ல. ஐயோ, ஓடிப் போய் ஆட்டோவைக் கூட்டியாந்தேன். டீச்சருக்குப் போட்டா ஆஃப்பு, ஆஃப்புன்னே வருது. அந்த கிளாஸ் ரூம்ல டவரே இல்ல போல, பாவம்."

ஆஸ்பத்திரியில டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்"னுச்சு. அதை ஏன் சொல்லணும்? சொல்லாம இருந்தா என்ன குறைஞ்சு போயிடும்? ஆனா சொல்லிடுச்சு. மெஹர் கணக்கு டீச்சர் ஆச்சே. பதினொண்ணு இருபதுல ஆட்டோ வந்திருந்தா பதினொண்ணு நாப்பதுக்கு ஆஸ்பத்திரின்னு அவ மனசு தானாப் போட்டு முடிச்சுட்டுது. அங்கேயே தரையில உக்காந்துட்டா.

அன்னிக்குச் சாயங்காலமே அடக்கம். ஜைத்துக்குப் பதினஞ்சு வயசு, கபர்ஸ்தான்ல அத்தாவுக்கு மண் அள்ளிப் போட்டுட்டு வந்தான். மூணு நாள் வீடு நிறைய ஜனம். ஓதறவங்க ஓதினாங்க, அழறவங்க அழுதாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சோறு ஆக்கி அனுப்பினாங்க. மெஹர் வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கிட்டு உள் ரூம்ல உக்காந்திருந்தா. புருஷன் மௌத்தானா பொண்டாட்டி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கணும். வாசல் தாண்டக்கூடாது, நகை நட்டு, பூ, கண்ணுக்கு சுர்மா எதுவும் கூடாது. அது அவளுக்குப் பாரமாவே தெரியல. ஒரு மூலையில உக்கார ஒரு காரணம் கிடைச்சதேன்னுகூட இருந்தது.

ரெண்டாம் நாள் மத்தியானம் ஜைத் பக்கத்துல வந்து உக்காந்தான். கையில அத்தாவோட போன்.

"அம்மா, அத்தா கடைசியா உனக்குத்தான் போன் பண்ணியிருக்காரு. பதினொண்ணு இருபதுக்கு. நீ எடுக்கலியா?"

"கிளாஸ்ல டவர் இல்லடா"ன்னா அவ.

பையன் சரின்னு தலையாட்டினான். நம்பிட்டான். அங்காளம்மாள் தெரியாம சொன்னதை இவ தெரிஞ்சே எடுத்துக்கிட்டா. அந்த நிமிஷத்துல இருந்து அது அவ சொன்ன பொய்.

மூணாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிஞ்சு ஜனம் கலைஞ்சது. இனி என்னன்னு பேச்சு வந்தது. கடையில இருந்த மிஷினை யாராவது கேட்டா குடுத்துடலாம், ஆனா தைக்கிற கை போச்சே. அவ சம்பளம் ஒண்ணுதான் மிச்சம். அதுவும் ஜூன் வரைக்கும்தான், டிகிரி இல்லேன்னா அதுவும் கிடையாது. மெஹர் சாக்பீஸ் கோடு போட்ட காலண்டரையே பாத்துக்கிட்டிருந்தா. மூணு கோடு. அதோட செவ்வாய், புதன், வியாழன் போச்சு, அது ஆறு. மொத்தம் ஒன்பது. இனி ஒண்ணுகூட விட முடியாது. வெள்ளிக்கிழமை காலைல ஒன்பதரைக்கு அங்க இருந்தாகணும்.

"நான் நாளைக்குக் கிளாஸுக்குப் போகணும்"னா.

அஃப்ஷான் கையில இருந்த டம்ளரை வெச்சுட்டுத் திரும்பினா. "இன்னா அண்ணி சொல்றீங்க? என் அண்ணன் படியில துடிச்சிக்கினு கெடந்தப்பவும் கிளாஸு, இப்ப இத்தாவுலயும் கிளாஸா? மண்ணு ஈரம்கூடக் காயல."

அவ சொன்னது அநியாயம்தான். ஆனா செத்தது அவளோட அண்ணன், அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். மெஹரும் சொல்லல.

கடைசியில பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. மெஹரோட சித்தப்பா போனை ஸ்பீக்கர்ல போட்டார். ஹஜ்ரத் முழுசாக் கேட்டுட்டு, "வேற சம்பாதிக்கிற ஆள் இருக்கா வீட்ல?"னார்.

"இல்ல ஹஜ்ரத்."

"அப்ப பகல்ல போகட்டும். அலங்காரம் எதுவும் வேணாம். வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடணும், பொழுது சாயறதுக்குள்ள. ராத்திரி அவங்க வீட்லதான் தங்கணும். புள்ளைங்க பசியோட இருக்கணும்னு மார்க்கம் சொல்லல."

ஆயிரத்து நானூறு வருஷத்து சட்டம் அவளுக்கு வழி விட்டுது. முந்தாநாள் போட்ட யுனிவர்சிட்டி சட்டம் விடல. வெள்ளிக்கிழமை காலைல லாசரஸ் சார்கிட்ட மிருதுளாதான் விஷயத்தைச் சொல்லி, விட்டுப்போன ஆறு பீரியடுக்கு வருகை குடுக்க முடியுமான்னு கேட்டா. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "என்னால ஆனது எதுவும் இல்லம்மா. முகத்தை மிஷின்ல காட்டினாத்தான் வருகை. நான் போட்டாலும் எடுக்காது"ன்னார். நிஜமாவே கண் கலங்கித்தான் சொன்னார். கண் கலங்கினா மட்டும் பீரியட் வந்துடுமா?

நாலு நாள் போனா. ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து, துப்பட்டியை இழுத்து மூடிக்கிட்டு, வந்ததும் போனதும் தெரியாம போய் வந்தா. எட்டு பீரியட். போன் மடியிலதான் இருந்தது. அது அதிரவே இல்ல. அதிர வைக்க யாரு இருக்காங்க?

கடைசி நாள் கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் ஆஃபீஸுக்குப் போகணும். வருகைப் பட்டியலைப் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் ஹால் டிக்கெட் தருவாங்க. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ராஜகோபாலன்னு ஒரு கிளார்க், ரிட்டையர் ஆக ஒரு வருஷம் இருக்கிறவர். அவளோட காகிதத்தை எடுத்து விரலால வரிசையா எண்ணினார்.

"இருபத்தேழு. கரெக்டா இருபத்தேழு. தப்பிச்சீங்கம்மா, ஒண்ணு கொறைஞ்சிருந்தா அவ்ளோதான், கடைசி சான்ஸும் போயிருக்கும். இங்க ஒரு கையெழுத்து."

மெஹர் காகிதத்தை வாங்கிப் பாத்தா. தேதி தேதியாக் கட்டம். பதினோராவது வரிசையில ரெண்டு கட்டத்துலயும் பச்சை டிக். முதல் பீரியட், ஆஜர். ரெண்டாவது பீரியட், ஆஜர்.

அவ அந்த ரெண்டாவது டிக்கையே பாத்துக்கிட்டு நின்னா. பின்னால வரிசை நீண்டுக்கிட்டே போச்சு.

"சார், இது ஒண்ணு தப்பா இருக்கு"ன்னா.

"எது?"

"இந்தத் திங்கட்கிழமை. ரெண்டாவது பீரியட். நான் இல்ல. நான் எழுந்து வெளிய போயிட்டேன். ஆப்சென்ட் போடுங்க."

ராஜகோபாலன் மூக்குக் கண்ணாடிக்கு மேல அவளைப் பாத்தார். அவருடைய முப்பது வருஷ சர்வீஸ்ல ஆப்சென்ட்டைப் ப்ரெசென்ட் ஆக்கச் சொல்லி அழுதவங்க ஆயிரம் பேர். இப்படிக் கேட்டு ஒரு ஆள் வந்ததில்ல.

"அம்மா, மிஷின் ரெண்டு தடவை எடுத்திருக்கு, ஆரம்பத்துலயும் முடிவுலயும். நீங்க உள்ளதான் இருந்திருக்கீங்க."

"இல்ல சார், எனக்குப் போன் வந்தது. நான் எடுத்தேன். வெளிய போய்ப் பேசினேன்." அவ குரல் உயர்ந்தது. "எங்க வீட்டுக்காரர் போன் பண்ணார் சார். நான் எடுத்தேன். அக்காவுக்குப் போன் பண்ணி ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். அப்படின்னு போடுங்க சார். எழுதிடுங்க."

மிருதுளா வந்து கையைப் பிடிச்சா. "அக்கா, வேணாம்க்கா. வாங்கக்கா." அவளுக்குத்தான் தெரியும். பையில போன் அதிர்ந்ததைப் பாத்தது அவ ஒருத்திதானே.

"நான் ஆப்சென்ட் போட்டா இருபத்தாறும்மா. ஹால் டிக்கெட் கிடையாது. உங்களுக்கு வேணுமா வேணாமா, சொல்லுங்க"ன்னார் ராஜகோபாலன். கோபமா இல்ல, மெதுவாத்தான் கேட்டார்.

வீட்ல கைனாத் காலைல ஸ்கூல் ஃபீஸ் கேட்டு வந்த மெசேஜைக் காட்டியிருந்தா. ஒன்பது வயசுப் பொண்ணு, "நான் வேற ஸ்கூலுக்குப் போயிக்கட்டுமாம்மா"ன்னு கேட்டிருந்தா. மெஹர் பேனாவை எடுத்தா. பச்சை டிக்குக்குக் கீழ, மேலே உள்ள விவரம் சரியானதுன்னு அச்சடிச்சிருந்த இடத்துல, கையெழுத்துப் போட்டா.

பரீட்சையில எண்பத்தாறு மார்க். நூத்து நாப்பது கிரெடிட் முடிஞ்சது. ஜூன்ல தற்காலிகப் பட்டச் சான்றிதழைக் கொண்டு போய்க் குடுத்தா. கரஸ்பாண்டன்ட் எழுந்து நின்னு, "ரொம்ப சந்தோஷம்மா"ன்னார். பகல்ல வேலை, பொழுது சாயறதுக்குள்ள வீடுன்னு மிச்ச இத்தாவையும் முழுசா இருந்து முடிச்சா. அஃப்ஷான்கூட இப்ப சமாதானமாயிட்டா, வாரத்துக்கு ஒருமுறை வந்து பிள்ளைங்களைப் பாத்துட்டுப் போறா. எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சதுன்னு சொல்லத் தோணும். எனக்கும் அப்படிச் சொல்லி முடிக்க ஆசைதான்.

ஆனா தீபாவளி லீவுக்கு முன்னாலயே ஹெட்மிஸ்ட்ரஸ் கீதா மேடம் மெஹருக்கு முதல் மெமோ குடுத்துட்டாங்க. கிளாஸ்ல போன் வெச்சிருக்கக்கூடாதுங்கிறது புது நிர்வாகத்தோட கட்டளை. எல்லா டீச்சரும் ஆஃபீஸ் டிராயர்ல வெச்சுட்டுத்தான் போகணும். மெஹர் வெக்க மாட்டேங்கறா. கையிலேயே வெச்சிருக்கா. அதுவும் அஞ்சாங்கிளாஸ் நடுவுல, பாதிக் கணக்குல, ஒரே ரிங்குல எடுக்கறா. பொங்கலுக்கு அப்புறம் ரெண்டாவது மெமோ. மூணாவது வந்தா வேலை கிடையாதுன்னு அதுலயே எழுதியிருந்தது.

"ஏன் டீச்சர் இப்படி பண்றீங்க? எவ்ளோ கஷ்டப்பட்டு டிகிரி வாங்கினீங்க. பசங்க எதுக்காவது கூப்பிட்டா ஆஃபீஸ் நம்பருக்குக் கூப்பிடட்டுமே, நான் ஓடி வந்து சொல்ல மாட்டேனா?"ன்னு கீதா மேடம் கெஞ்சாத குறையாக் கேட்டாங்க.

"சரி மேடம். இனிமே வெச்சுடறேன்"னா மெஹர். நிஜமாவே வெக்கணும்னுதான் நினைச்சா. மறுநாள் காலைல டிராயரைத் திறந்தா. போனை உள்ள வெச்சா. மூடப் போனா. கை மூட வரல. எடுத்துக்கிட்டுக் கிளாஸுக்குப் போயிட்டா.

போன வாரம் புதன்கிழமை, பதினோரு மணிக்கு மேல. அஞ்சாங்கிளாஸுக்குப் பின்னம் நடத்திக்கிட்டிருந்தா. முக்காலை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு போர்டுல வட்டம் போட்டு நாலாப் பிரிச்சா. வராண்டாவுல கரஸ்பாண்டன்ட் ரவுண்ட்ஸ் வந்துக்கிட்டிருந்தார், கூட கீதா மேடம். பிள்ளைங்கல்லாம் கப்சிப். அப்பதான் போன் அடிச்சுது.

கீதா மேடம் ஜன்னல் வழியா, வேணாம் டீச்சர்னு தலையை ஆட்டினாங்க.

மெஹர் சாக்பீஸைக் கீழ வெச்சுட்டு எடுத்தா. "சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க"ன்னா.

அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, பர்சனல் லோன் வேணுமா மேடம்னு ஆரம்பிச்சுது. மெஹர் அவளை நடுவுல நிறுத்தல. வட்டி எவ்வளவு, தவணை எத்தனைன்னு அந்தப் பொண்ணு சொன்னது எல்லாத்தையும் ஒண்ணு விடாம கேட்டா. கரஸ்பாண்டன்ட் கதவுக்கிட்ட வந்து நின்னுட்டார். அந்தப் பொண்ணு பேசி முடிச்சு, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"னு கேட்டுச்சு.

"வேணாம்மா. நீ வை. நீ வெச்சதும் நான் வெக்கறேன்"னா மெஹர்.